தோள் கொடுக்காத கரை

மக்கா,

நேற்று நான் பேசி முடிக்கும் முன்னே நீ போனை வைத்துவிட்டாய். உன் அப்பாவுக்கும் இதே குணம்தான். தனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். நீ கடல் தாண்டி அரபு நாட்டில் இருப்பதால் போனை வைக்கிறாய். தாளை நீ பாதியில் கீழே வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்ப எடுத்துப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் தங்கை லீனா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள். என் எழுத்து மீன் முள் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாய். செய்துகொள். முள் இருக்கிறதே என்று மீனைத் தூக்கி எறிந்துவிடாதே.

நீ கடைசியாகச் சொன்னது இது. "நான் ஊருக்கு வந்துதான் செய்யணும்ணு இல்லம்மா. இஞ்ச எனக்க ரூமிலயே ஒரு தெக்கன் கெடக்கான். அவனிலயிருந்து தொடங்குதேன்." தெக்கன் என்று நீ சொன்னது தெற்குக் கரைப் பிரின்சை. உன் மேல்கட்டிலில் படுப்பவன். உன்னோடு ஒரே லாஞ்சில் வலை இழுப்பவன். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, உன் துணியைத் துவைத்தவன். இதெல்லாம் நீயே எனக்குச் சொன்னதுதான். உங்கள் ரூமில் மீன் வெட்டுகிற கத்தி எங்கே தொங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியும். வீடியோ காலில் காட்டியிருக்கிறாய். நேற்றிலிருந்து என் கண்ணுக்குள் அந்தக் கத்திதான் நிற்கிறது. நான் உன்னைக் கூப்பிட்டது ஒரு சேதி சொல்ல. அந்தச் சேதியைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலிலேயே எழுதினால் மீதியை நீ படிக்க மாட்டாய். மீதி தெரியாமல் அந்தச் சேதியை உன்னால் தாங்கவும் முடியாது.

நீ வீடியோ பார்த்திருக்கிறாய். திருவிழா அன்று நம்முடைய வள்ளங்கள் எரிவதை எவனோ சிலுவை நிற்கிற குருசடி மேட்டில் நின்று எடுத்தது. கறுத்த புகை, பெண்களின் அலறல், உன் தம்பி ஷிபு மணலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பது. அதைப் பார்த்த யாருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது, இப்போதும் கொதிக்கிறது. ஆனால் மக்கா, தீ பற்றின பிறகுதான் எல்லோரும் போனை எடுப்பார்கள். அதற்கு முன்னால் விறகு அடுக்கியதை யாரும் படம் பிடிப்பதில்லை. விறகில் பாதி நாம் அடுக்கியது. போன மாதம் உன் தலைக்கு மேலே ஏதோ நெருப்பு வாலோடு பறந்து போனது என்று நீ சொன்னபோது நான் பயந்து அழுதேன். "அது அந்த ரெண்டு நாட்டுக்காரனுக்க சண்டையாக்கும், இந்த நாட்டுக்கும் அதுக்கும் ஒரு பெந்தமும் இல்ல" என்று நீ என்னைத் தேற்றினாய். அதே வார்த்தையைத்தான் நானும் இங்கே சந்தையில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் சண்டை, நமக்கு ஒரு பந்தமும் இல்லை என்று.

அவர்கள் சண்டை உனக்குத் தெரியும். வடக்குக் கரைக்காரன் லைட் போட்டு, சுருக்குமடி வலை வளைத்து, முட்டை மீனையும் குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளுகிறான். தெற்குக் கரைக்காரன் தூண்டில்காரன், வடக்கன் அள்ளிய பிறகு அவனுக்குக் கடலில் மிச்சம் ஒன்றும் இல்லை. அவன் வலையை இவன் அறுக்க, இவன் எஞ்சினை அவன் கடலில் தள்ள, இரண்டு மாநிலத்துப் போலீசும் எல்லையில் நின்று "அது உங்க பார்டர், இது ஞங்ஙளுடெ பார்டர்" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாம். நம்மிடம் சுருக்குமடியும் இல்லை, ஆழ்கடல் தூண்டிலும் பெரிதாக இல்லை. ஆனால் ஐஸ் கம்பெனி நம் கரையில்தான் இருக்கிறது. இரண்டு கரைக்காரனும் ஐஸுக்கு நம்மிடம்தான் வரவேண்டும். காலையில் வடக்கன் பெட்டி ஏற்றிப் போவான், மத்தியானம் தெக்கன் ஏற்றிப் போவான். இருவர் மீனையும் நான்தான் பாறசாலைச் சந்தையிலும் பெருங்கடவிளையிலும் கொண்டுபோய் விற்பேன். மீனுக்கு எந்தக் கரை என்று நெற்றியில் எழுதியா இருக்கிறது?

இன்னொன்றும் உனக்குத் தெரியும், சொல்லித்தந்ததே உன் அப்பாதான். அலை உடைகிற அலைவாயில் ஒரு வள்ளம் தத்தளித்து வந்தால் கரையில் நிற்பவன் எல்லாம் தோள் கொடுக்கவேண்டும். "வள்ளம் ஆருதுண்ணு கேக்கப்பிடாது. கேக்குதவனுக்க பேரக் கடலு குறிச்சு வைக்கும்." கல்யாண வேட்டி கட்டியிருந்தாலும் இறங்கவேண்டும். பகையாளி வள்ளம் என்றால் முதலில் இழுத்து ஏற்று, பிறகு மேட்டில் நின்று திட்டிக்கொள். நம் கரையில் யாரும் இதை மீறியதில்லை. இதுதான் நம்முடைய நடுநிலை என்று நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தோம்.

அந்த நடுநிலை எங்கே சாய்ந்தது தெரியுமா? வடக்குக் கரை வள்ளத்தில் கூலிக்குப் போன நம் பையன் ஒருவனை, வலை அறுக்க வந்த தெற்குக்காரர்கள் துடுப்பால் அடித்து மண்டையை உடைத்தார்கள். பூசை நடக்கிற பள்ளியின் ஹாலில் கமிட்டி கூடியது. இளவட்டங்கள் எல்லாம் இப்போதே போய் அடிப்போம் என்று குதித்தார்கள். உன் அப்பா எழுந்து நின்று, "அடிச்சா கேசாவும், அடிவாங்கினவனுக்க பகையாவும். ஐஸ் குடுக்காம இருந்தா ஆரு கேசு போடுவான்? அவனுவ வந்து மன்னிப்பு கேக்கட்டும், அதுவர தெக்க ஒரு பெட்டி ஐஸ் போவப்பிடாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வாசலில் நின்று தட்டினேன். புத்திசாலித்தனமான தீர்ப்பு, கத்தியின்றி ரத்தமின்றி என்று நினைத்தோம். வடக்கனும்தான் குற்றவாளி, அவனுக்கும் நிறுத்தினால் என்ன என்று ஒருவர் கேட்டார். அவனுக்கும் நிறுத்தினால் கம்பெனி எப்படி ஓடும் என்று ஐஸ் கம்பெனிக்காரர் கேட்டதும் அந்தப் பேச்சு அங்கேயே அமுங்கிப்போனது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அடுத்த வாரம் பாறசாலைச் சந்தையில் என் பக்கத்தில் உட்காருகிற தெற்குக் கரைக்காரி கூடையைத் திறந்தாள். சூரை மீனின் கண் உள்ளே போய், செவுள் வெளுத்து, தொட்டால் விரல் இறங்குகிறது. ஒருவரும் கிட்டே வரவில்லை. அவள் கூடையை அப்படியே ஓடையில் கவிழ்த்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். "நீங்க எங்களெ அடிக்கேல்லண்ணு நெனச்சிட்டு இருக்கிய, இல்லியா?" என்றாள். "எனக்க வீட்டுல அடுப்பு பத்தவச்சு நாளாச்சு. பிள்ளையளெ பட்டினி போடுததுக்குப் பேரு என்னவாக்கும்?" என் கூடையில் மீன் ஐஸில் விறைத்துக் கிடந்தது. நான் ஒரு மீனை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அன்று நான் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கவேண்டும். மத்தியானக் குழம்புக்கு மாங்காய் வாங்க மறந்துவிட்டேன் என்பதைத்தான் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் காலையில் வடக்குக் கரை வள்ளம் ஒன்றைத் தெற்குக்காரர்கள் விரட்டி வந்தார்கள். அது நம் அலைவாயில் ஏறியது. வழக்கம்போல எல்லோரும் ஓடித் தோள் கொடுத்து மேட்டில் ஏற்றினார்கள். நமக்கு அது பழைய வழக்கம். கடலில் எஞ்சினை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த தெற்குக்காரனுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. ஐஸ் அவனுக்கு இல்லை, வடக்கனுக்கு உண்டு. தோளும் இப்போது வடக்கனுக்கு. நடுக்கரைக்காரன் சேர்ந்துவிட்டான், நாளைக்கு ஆயுதத்தோடு வருவான் என்று அவன் கணக்குப் போட்டான். அப்போது நம் கரையில் உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பாதிப்பேர் வடக்கனோடு சேரலாம் என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். கூடாது என்றவர்களுக்குத் தலைவர் உன் அப்பா. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் நம்முடைய ஆட்கள் வாயாலேயே சண்டை போட்டுக் களைத்துத் தூங்கியிருப்பார்கள்.

திருவிழா வந்தது. அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது, எல்லாம் மணலில் வரிசையாக நிற்கும், பூசை முடிந்து பள்ளிச் சாமியாரான அச்சன் வந்து ஒவ்வொன்றையும் மந்திரித்து ஆசீர்வதிப்பார். இது எல்லாக் கரைக்கும் தெரிந்த விஷயம். காலைப் பாட்டுப்பூசையில் கரை முழுக்கப் பள்ளிக்குள் இருந்தது. ஷிபு மட்டும், பூசை முடிவதற்குள் வந்துவிடுகிறேன் என்று, நம் வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தில் காகிதக்கொடி கட்டப் போயிருந்தான். அச்சன் அப்பத்தை உயர்த்தும் நேரத்தில் வெளியே கதினா வெடி போடுவது நம் வழக்கம். அன்று அச்சன் அப்பத்தை உயர்த்தினார், வெளியே டமார் என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு கும்பிட்டோம். மறுபடி ஒரு சத்தம், மறுபடி ஒன்று. என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவள், "இந்த வருசம் வெடி நல்லா கேக்குது" என்றாள். மக்கா, வெடித்தது நம் வள்ளங்களின் எண்ணெய் டேங்குகள். நாம் எரிவதை நாமே கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஃபைபர் எரிகிற நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்த பிறகுதான் ஓடினோம். அவர்கள் கடல் வழியாக வந்து, முதலில் ஐஸ் கம்பெனிக்குத் தீ வைத்து, பிறகு வரிசையாக நின்ற வள்ளங்களில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டி நின்றதால் தீயே அடுத்ததற்குத் தாவியிருக்கிறது. ஷிபு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எலே, இது எங்க வள்ளம், எங்களுக்கும் வடக்கனுக்கும் ஒண்ணும் இல்லலே" என்று கத்தியிருக்கிறான். விடச் சொல்லியிருக்கிறார்கள். விடவில்லை. ஒருவன் கோடாலியால் பிடித்த அந்தக் கையிலேயே வெட்டினான். நான் போய்ச் சேரும்போது அவன் மணலில் உட்கார்ந்து, வலது கை இருந்த இடத்தை இடது கையால் பொத்திக்கொண்டு, எரிகிற வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை வள்ளத்தின் பக்கத்தில் கிடந்தது. விரல்களில் பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தது.

இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜீப்பில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒட்ட வைக்கப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். ஐஸ் எங்கே போய் எடுப்பது? கம்பெனி எரிந்துகொண்டிருந்தது. வழியில் கடைகளெல்லாம் பூட்டு. ஐஸ் உள்ள கரை என்று கர்வப்பட்ட நாங்கள் என் பிள்ளையின் கைக்கு ஒரு கட்டி ஐஸ் இல்லாமல் நின்றோம். சந்தையில் ஓடையில் கவிழ்ந்த அந்தக் கூடை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வந்ததை நான் உடனே மிதித்து அமுக்கினேன்.

ஏனென்றால் எனக்கு அப்போது வேண்டியிருந்தது நினைவு இல்லை, பழி. ஷிபுவை உள்ளே கொண்டுபோன பிறகு அவனுடைய சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்கு வந்தேன். உன் அப்பாவும் மற்றவர்களும் சாம்பலைப் பார்த்து நின்றார்கள். சட்டையை அவர்கள் முன்னால் விரித்துப் பிடித்து, "இதப் பாத்துட்டு நிக்கிய, இல்லியா? சேலை வேணுமா, எடுத்துத் தரட்டா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தக் கரையில் இரண்டு கட்சி இல்லை. நேற்றுவரை பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் ஒரே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் பொறுப்போம் என்று சொன்ன ஒரே மனிதர் அச்சன். அவரை ஒருவன் பிடித்துத் தள்ளினான். வடக்குக் கரையில் அந்த நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. என்ன வெடி என்று நினைக்கிறாய்? நாம் எரிந்த சேதி கேட்டு அவர்கள் வெடி போட்டார்கள். நமக்கு வந்த நாசம் அவர்களுக்கு வந்த பலம். சாயங்காலத்துக்குள் அவர்களுடைய வள்ளமும் எஞ்சினும் எண்ணெயும் நம் கரைக்கு வந்துவிட்டன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஒன்றானதுதான் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

மறுநாள் விடியும்போது போனார்கள். கடலிலேயே தெற்குக்காரர்களை மறித்து அடித்தார்கள். கத்தி, கம்பு, மீன் குத்துகிற ஈட்டி. தண்ணீரில் விழுந்தவன் தலை மேலே வரும்போதெல்லாம் துடுப்பால் அடித்தார்கள் என்று போனவர்களே பெருமையாகச் சொன்னார்கள். ஒருவன் செத்தான். இன்னொருவனுக்குக் கண் போனது. ஐஸை நிறுத்தினால் போதும் என்று சொன்ன உன் அப்பாதான் முதல் வள்ளத்தின் அணியத்தில் நின்று போனவர். திரும்பி வந்து துடுப்பை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இப்போது நெய்யாற்றின்கரை ஜெயிலில் இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் ஆரையும் கொல்லேல்லட்டி" என்றார். கொஞ்சம் கழித்து, "கொல்லேல்லண்ணுதான் தோணுது" என்றார். உனக்கு அவர் சொல்லி அனுப்பிய புத்திமதி ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வாக்கியத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்.

தெற்குக்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். சந்தையில் பெண்கள் பேசாமல் இருக்க முடியுமா? நாம் வடக்கனோடு சேருவதற்கு முன்னாலேயே வள்ளத்தை எரித்துவிட்டால், சேர நினைத்தாலும் சேர வள்ளம் இருக்காது என்று அவர்களுடைய பெரியவர்கள் சொன்னார்களாம். கணக்கு சரிதான். ஆனால் வள்ளம் எரிந்தவனுக்கு வீட்டில் உட்காரக் காரணம் ஒன்றும் மிச்சம் இருக்காது என்பதை அந்தக் கணக்கில் எழுத மறந்தார்கள். நாம் சேர்ந்துவிடக்கூடாது என்று அடித்தார்கள், அடித்ததால் சேர்ந்தோம். பயத்தில் அடிக்கிற அடி எப்போதும் இப்படித்தான், எதற்குப் பயந்தாயோ அதைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவரும். அவர்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் பிள்ளையின் கையை வெட்டியவன் என் முன்னால் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நேற்றுக் காலை வந்தது.

கடல் மூன்று நாளாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது. தெற்குக் கரை வள்ளம் ஒன்று எஞ்சின் நின்றுபோய், நீரொழுக்கில் இழுபட்டு, நம் அலைவாய்க்கு வந்தது. துடுப்பில் சட்டையைக் கட்டி வீசினார்கள். வள்ளத்தில் மூன்று பேர். கரையில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் நின்றார்கள், கை கட்டிக்கொண்டு. ஒருவரும் இறங்கவில்லை. "வள்ளம் ஆருது?" என்று ஒருவன் உரக்கக் கேட்டான். பிறந்தது முதல் இந்தக் கரையில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் மீன் பானையோடு முன்னால்தான் நின்றேன். வள்ளத்தின் பின்பக்கம் துடுப்பை ஊன்றி நின்றவரை எனக்குத் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்தது. "மைனி," என்று முறை சொல்லிக் கூப்பிட்டார், "ஒரு கை குடுக்கச் செல்லுங்க மைனி." அலைச் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது. நான் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார்கள். அன்று சட்டையைக் காட்டிச் சண்டைக்கு அனுப்பியவள் நான், என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. நான் குனிந்து பானையில் மீனைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஷிபுதான் ஓடினான். எங்கிருந்து வந்தான் என்று தெரியாது. கட்டைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போய், இடது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தான். பெரிய அலை வந்தது. ஒரு கையால் எவ்வளவு நேரம் பிடிப்பான்? வள்ளம் கவிழ்ந்தது. இளையவர்கள் இருவரும் நீந்தி வந்தார்கள். மணலில் தவழ்ந்து ஏறியவர்களை நம் ஆட்களில் சிலர் உதைத்தார்கள். பெரியவர் வள்ளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டார். ஷிபு முங்கி முங்கி அவருடைய சட்டையைப் பிடித்தான், இழுத்தான், நழுவியது, மறுபடி பிடித்தான். அப்போதுதான் நம் ஆட்களுக்கு வெட்கம் வந்து இறங்கினார்கள். கரையில் தூக்கிப் போடும்போது அவருக்கு மூச்சு இல்லை, வாயில் மணல்தான் இருந்தது. ஷிபு அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். "வலது கை இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்மா" என்றான்.

மக்கா, அவர் சிலுவை அண்ணன். பிரின்சின் அப்பா. நீங்கள் இருவரும் முதன்முதல் விமானம் ஏறிய அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரே வேனில் திரும்பி வந்தோம், நினைவிருக்கிறதா என்று கேட்க முடியாது, நீ அப்போது ஆகாயத்தில் இருந்தாய். நான் வழி முழுக்க அழுதேன். வழியில் வேனை நிறுத்தி எனக்குச் சாயா வாங்கித் தந்தவர் அவர். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கானுவ மைனி, ஒருத்தனுக்கு ஒண்ணுண்ணா மத்தவன் பாத்துக்குவான், பின்ன என்னத்துக்கு அழுதிய?" என்றார். அந்தச் சாயாவின் சூடு எனக்கு இப்போதும் தொண்டையில் இருக்கிறது. வள்ளம் எரித்தவர்களில் அவர் இல்லை. ஐஸ் இல்லாமல் மீனைக் கவிழ்த்தவர்களில் இருந்தார். நேற்று என்னைக் கூப்பிட்டவர்களில் இருந்தார்.

இதைச் சொல்லத்தான் நேற்றுக் கூப்பிட்டேன். நீ கத்தியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். பிரின்சுக்கு இன்னும் தெரியாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அவன் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவனை அனுப்பச் சொல்லி அவன் மாமன் உங்கள் முதலாளி அர்பாபிடம் பேசிக்கொண்டிருக்கிறானாம். இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அவன் மேல்கட்டிலில் படுத்து, கூப்பிட்டாலும் எடுக்காத அப்பாவின் நம்பரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனைக் கொல்ல உனக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறாய். உன்னைக் கொல்ல அவனுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. அது நான். உங்கள் ரூம் இப்போது இந்தக் கடலில் மிச்சம் இருக்கிற ஒரே நடுக்கரை. அங்கே முதல் அடி யாருடையது என்பது உன் கையில் இருக்கிறது.

நல்ல பிள்ளையாக இரு என்று சொல்லமாட்டேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ செய்யவேண்டியதை மட்டும் சொல்கிறேன். முதலில் அந்தக் கத்தியை எடுத்து உங்கள் லாஞ்சில் சமைக்கிறவரிடம் கொடுத்துவிடு. பிறகு பிரின்சை எழுப்பி உட்காரவை. வேறு எவன் வாயாலும், எந்த வீடியோவாலும் அவன் இதைத் தெரிந்துகொள்ளக்கூடாது. நீ சொல். உன் அம்மா கரையில் நின்றாள், அவன் அப்பா அவளைப் பெயர் சொல்லாமல் முறை சொல்லிக் கூப்பிட்டார், அவள் குனிந்துகொண்டாள் என்பதையும் விடாமல் சொல். அவன் உன்னை அடிப்பான். வாங்கிக்கொள், திருப்பி அடிக்காதே. அடித்து முடித்ததும் அவன் கால் மடங்கி விழுவான், எனக்குத் தெரியும், பெரியவரைக் கரையேற்றியதும் ஷிபுவும் அப்படித்தான் விழுந்தான். அப்போது பிடித்துக்கொள். உனக்கு இரண்டு கையும் இருக்கிறது மக்கா.

அம்மா